பெருவிரல் நகமும் தோளுக்கினியானும்

கணவன் ஹயக்ரீவன் மில்லிலிருந்து திரும்பியதும் வாசல் குழாயில் கால் அலம்பிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறான் என்று வஞ்சுளவல்லி கல்யாணமான நாளிலிருந்து நம்பிக்கொண்டிருந்தாள். நம்பாமல் என்ன செய்வாள், சாட்சி தரையிலேயே இருந்தது. கதவருகே ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் போட்டுவிட்டு அவன் குளியலறை வரை நடக்கிற வழியெல்லாம் சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள் விழும். ஆசாரமான மனுஷன் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. உள்ளூர மட்டும் என்றால் பரவாயில்லை, தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள்.

இருவருக்கும் ராஜபாளையத்தில் ஒரே நூல் மில்லில்தான் வேலை. அவள் தரம் பார்க்கும் ஆய்வகத்தில், அவன் ஸ்பின்னிங்கில் சூப்பர்வைசர். அவன் ஷிப்டை ஒப்படைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேருவான் என்பதால், அவன் வாசலில் என்ன செய்கிறான் என்று அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆவணி மாதத்தில் ஒருநாள் தெருவில் பள்ளம் தோண்டி வாசல் குழாயைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அன்றைக்கும் தரையில் ஈரக் காலடிகள் விழுந்தன.

"ஏன்னா, கால் எங்க அலம்பினேள்?"

"அலம்பலையே. குழாய்தான் இல்லையே."

"அப்ப இது என்ன ஈரம்?"

அவன் திரும்பித் தன் காலடிகளையே யாரோ அந்நியன் நடந்து போன மாதிரி பார்த்தான். "வேர்வைடி. தினம் இப்படித்தான். நான் வாசல்ல அலம்பினதே இல்லை. உள்ள வந்து குளிக்கறேனோன்னோ."

இத்தனை காலப் பெருமை அந்த இடத்திலேயே கரைந்தது. கோபம் வந்துவிட்டது அவளுக்கு. அவனை நாற்காலியில் உட்கார வைத்து, "காட்டுங்கோ காலை" என்றாள். அவன் மறைத்தான். அவள் விடவில்லை. பாதத்தை இழுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள்.

வலது காலின் பெருவிரல் நகம் நகமாகவே இல்லை. மஞ்சளும் பழுப்புமாகத் தடித்து, தொட்ட இடத்தில் பொடியாக உதிர்ந்தது. ஓரம் சதைக்குள் இறங்கி, சுற்றிலும் சிவந்து வீங்கிக் கிடந்தது. விரல் இடுக்குகள் வெளுத்து ஊறிப் போயிருந்தன. கணுக்காலுக்கு மேல் சாக்ஸின் எலாஸ்டிக் ஆழமாகத் தடம் பதித்திருந்தது. போன மாதம் நடந்தது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஹயக்ரீவன் குடும்பத்து ஆண்கள் ஆண்டாள் கோயிலில் ஸ்ரீபாதம் தாங்குகிறவர்கள். ஆண்டாள் தாயார் எழுந்தருளும் தோளுக்கினியானை, அந்தத் திறந்த பல்லக்கை, தோளில் ஏந்தி வீதியுலா வருவார்கள். எல்லோருக்கும் ஒரே நடை, ஒரே மூச்சு. ஒருவன் தப்பாக அடி வைத்தால் பல்லக்கின் தண்டு சாயும். கடந்த ஆடிப்பூர உற்சவத்தில், மாட வீதி திரும்பும் முனையில், முன்தண்டில் இருந்த ஹயக்ரீவன் கால் பின்னித் தடுமாறினான். தாயாரின் மாலையும் கையிலிருந்த பச்சைக்கிளியும் ஊசலாடின. கீழே எதுவும் விழவில்லை, ஆனால் கூட்டம் மொத்தமும் 'ஐயோ' என்றது. தாங்குகிறவர்களுக்குத் தலைவனான வாசுதேவ், அவனுடைய பெரியப்பா பிள்ளை, அங்கேயே வேறொருவனை மாற்றி நிறுத்திவிட்டு, "கால் சரியாகட்டும்டா, அப்பறம் பார்க்கலாம்" என்று மெதுவாகத்தான் சொன்னான். மெதுவாகச் சொன்னதுதான் ஹயக்ரீவனுக்குத் தாங்கவில்லை. தெருக்கல் வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னான். அதற்குப் பிறகு சேவிக்கப் போனாலும் கூட்டம் இல்லாத வேளையாகப் பார்த்துப் போய், தூண் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பினான்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"வெறுங்காலோட சுடுகல்லுல நடந்ததுனால வந்தது. கொஞ்ச நாள் பொத்தி வச்சா சரியாயிடும்னு பார்த்தேன். அதான் தூங்கறப்பவும் சாக்ஸ் போட்டுக்கறேன்."

குளிருக்குப் போட்டுக்கொள்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் என்ன குளிர் என்று கேட்கத் தோன்றாமல் போனதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

"அடுத்த ஆடிக்கு நான் தண்டைப் பிடிக்கணும் வஞ்சு. இல்லேன்னா அந்த இடம் எனக்கு இல்லைன்னு ஆயிடும்" என்றான்.

ராஜபாளையத்தில் தோல் டாக்டர் ஷெரின் நகத்தைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பூஞ்சைதான். மாத்திரையும் பூசுகிற மருந்தும் எழுதினார்.

"மருந்து நான் தாரேன் சார். ஆனா நாள் முழுக்கக் கால் தண்ணிக்குள்ள ஊறிக் கிடந்தா மருந்து என்ன செய்யும்? என்ன சாக்ஸ் போடுறீங்க?"

வஞ்சுளவல்லி முந்திக்கொண்டாள். "சுத்தப் பருத்தி டாக்டர். நான்தான் பார்த்துப் பார்த்து வாங்கறேன். நைலான் பக்கமே போறதில்லை."

"அதான் ஈரம் காயாம அப்பிடியே நிக்குது. ஷூவுக்குள்ள நேரங்காலம் இல்லாம வேர்க்கிற காலுக்குப் பருத்தி மட்டும் ஆகாதும்மா. வேர்வைய வெளிய தள்ளுற துணியா மாத்திப் பாருங்க."

பஞ்சு ஊரில் உட்கார்ந்துகொண்டு பஞ்சைக் குறை சொல்கிறாளே இந்தப் பெண் என்று வஞ்சுளவல்லிக்குச் சுர்ரென்றது. ராஜபாளையத்தில் பருத்தியைக் குறை சொல்வது வீட்டு விருந்தில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரைக் குறை சொல்வது போல. டாக்டர் சொன்னது தப்பு என்று காட்டிவிடுவது என முடிவு செய்தாள். அதற்கான கருவி அவள் மேஜையிலேயே இருந்தது.

நூலை எடைபோட்டு, அடுப்புப் பெட்டியில் உலர்த்தி, மறுபடி எடைபோட்டு, அதற்குள் எவ்வளவு தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்று சொல்வதுதான் அவள் சம்பளம் வாங்குகிற வேலை. மறுநாள் கணவனின் சாக்ஸை ஷிப்டு முடிகிற வேளையில் கழற்றச் சொல்லி, பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தாள். பக்கத்து மேஜைச் செல்லக்கனி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏட்டி வஞ்சு, நூலு போதாதுன்னு இப்பம் அண்ணன் சாக்ஸையும் டெஸ்டு பண்ணப் போறியாக்கும்?"

"சும்மா இரு செல்லம்."

உலர்த்துவதற்கு முந்தைய எடைக்கும் பிந்தைய எடைக்கும் இருந்த வித்தியாசத்தை வஞ்சுளவல்லி நம்பவில்லை. மறுபடி நிறுத்தாள். அதேதான். அந்த அளவுக்குத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்தாள். உள்ளங்கை கொள்ளாத தண்ணீர். இது சாக்ஸில் தங்கியது மட்டும். ஷூ குடித்ததும் காற்றில் போனதும் தனி.

"அம்புட்டும் அவிய கால்ல இருந்து வந்ததா?" செல்லக்கனியின் சிரிப்பு நின்றுவிட்டது.

வஞ்சுளவல்லி குவளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தினம் ஒரு மனிதனின் பாதத்திலிருந்து இவ்வளவு நீர் ஊறி வந்திருக்கிறது. அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஸ்பின்னிங் கூடத்தில் நூல் அறாமல் இருக்கக் காற்றிலேயே ஈரத்தைத் தூவுவார்கள். அந்த வெக்கையில் அவன் நின்றபடி நூலைக் காப்பாற்றியிருக்கிறான், நூல் அவன் வேர்வையைப் பத்திரமாகப் பிடித்து வைத்து நகத்தை அழித்திருக்கிறது. பருத்தி தண்ணீரை விடாது என்று ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிறவள், அதையே டஜன் கணக்கில் வாங்கி வந்து அவன் காலில் மாட்டியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பிரமிப்பு அதிகமாக இருந்தது.

அன்று சாயங்காலமே சுப்புராஜின் கடையில் போய் நின்றாள். பனியன், சாக்ஸ், துண்டு விற்கிற பழைய கடை. "பருத்தி மட்டுமா இல்லாம வேற என்ன சாக்ஸ் இருக்கு?" என்று கேட்டதும் சுப்புராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"என்னம்மா, ராஜபாளையத்துல நின்னுக்கிட்டுப் பஞ்சு வேண்டாங்கீக." உள்ளே திரும்பி மனைவியிடம் தெலுங்கில் ஏதோ புலம்பினார். இருந்தாலும் வியாபாரி, விளையாட்டுக்காரர்கள் கேட்பார்கள் என்று வாங்கி வைத்த பெட்டியை மேலிருந்து இறக்கினார்.

ஒவ்வொன்றையும் உள்வெளியாகத் திருப்பி, விரல் நுனியில் தையல் மேடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். மேடு இருந்தால் அது நகத்தின் மேல்தான் நாள் முழுக்க உரசும். உள்ளே கையை விட்டு விரல்களை அகட்டினாள். அகட்ட இடமில்லாததை ஒதுக்கினாள். எலாஸ்டிக்கைத் தன் மணிக்கட்டில் மாட்டி, தடம் விழுகிறதா என்று பார்த்தாள். கறுப்பு வேண்டாம், வெளிர் நிறம் கொடுங்கள், சீழோ ரத்தமோ கசிந்தால் கண்ணில் படட்டும் என்றாள். கடைசியாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"அய்யய்ய, விக்கிற சரக்கும்மா."

"ரெண்டையும் நானே வாங்கிக்கறேன் அண்ணாச்சி."

பருத்திச் சாக்ஸில் ஒரு சொட்டு, கலப்பு நூல் சாக்ஸில் ஒரு சொட்டு. பருத்தி அந்தச் சொட்டை வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டது. மற்றது அதை மெல்லியதாக விரித்துக்கொண்டே போயிற்று. மின்விசிறிக்குக் கீழே சுப்புராஜும் மனைவியும் வஞ்சுளவல்லியும் தலையைக் குனிந்து இரண்டு சாக்ஸைப் பார்த்தபடி நின்றார்கள். வாசலில் ஒருவர் துண்டு கேட்டது யார் காதிலும் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் கலப்பு நூல் காய்ந்து கிடந்தது. பருத்தியில் ஈரம் அப்படியே இருந்தது.

"எம்புட்டு வருசமா விக்கேன்" என்றார் சுப்புராஜ். விலையில் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெருமாளுக்கு அடுத்த மரியாதை ஹயக்ரீவனின் காலுக்குத்தான். பாதி ஷிப்டில் சாக்ஸ் மாற்ற வேண்டும். இரண்டு ஜோடி ஷூ, ஒன்று காலில் இருந்தால் மற்றது வெயிலில். தூங்கும்போது கால் காற்றாட இருக்க வேண்டும். குளித்ததும் விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்ற வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தை வளைத்துக் குடையக் கூடாது. சாக்ஸை வெந்நீரில் தோய்த்து உள்வெளியாகத் திருப்பிக் காயப்போட வேண்டும். அவன் முனகினான். ஐப்பசி அடைமழையில் எதுவும் காயாதபோது, பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பழைய பருத்திச் சாக்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு போனான். அந்த வாரமே நகத்தின் ஓரம் மறுபடி சிவந்தது. அவள் பழசை எல்லாம் பொறுக்கி எடுத்துப் போய், ஆய்வகத்தில் எண்ணெய் துடைக்கக் கொடுத்துவிட்டாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவன், "வஞ்சு, இங்க வா" என்றான். நகத்தின் அடியில், தோல் முடிகிற இடத்தில், ரோஜா நிறத்தில் மெல்லிய பிறை ஒன்று எட்டிப் பார்த்தது. தடித்த மஞ்சள் நகத்தை அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

"யார் சொல்லி இது வரது?" என்று கேட்டான்.

மாத்திரை பூஞ்சையைக் கொல்லும், சாக்ஸ் ஈரத்தை வெளியேற்றும், இரண்டும் சரி. ஆனால் புது நகத்தைச் செய்வது எந்த மில்? ஓசை இல்லாமல், ஷிப்டு இல்லாமல், அவர்கள் தூங்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் உள்ளே நெய்துகொண்டிருப்பது யார்? இருவரும் அந்தப் பிறையைக் குனிந்து பார்த்தபடியே இருந்தார்கள். பால் பொங்கி வழிந்த வாசனை வந்த பிறகுதான் அவள் எழுந்தாள்.

தையில் பாதி நகம் புதிதாகியிருந்தது. சித்திரையில் நுனியில் மட்டும் பழசு. தரையில் ஈரக் காலடிகள் விழுவதும் நின்றது. ஆனிக் கடைசியில் வாசுதேவ் அவனை வாகன மண்டபத்துக்கு வரச் சொல்லி, யாரும் எழுந்தருளாத வெறும் தோளுக்கினியானை மற்றவர்களோடு தூக்கி நடக்க வைத்தான். காலைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தானாம், வலி தெரிகிறதா என்று. இறக்கி வைத்ததும், "முன்தண்டு. உன் பழைய இடம்" என்றான். வீட்டுக்கு வந்ததும் ஹயக்ரீவன் வாசலில் நின்றபடியே இதை இரண்டு முறை சொன்னான்.

ஆடிப்பூர உற்சவத்தில் வீதியுலா அன்று வஞ்சுளவல்லி போன வருஷம் அவன் தடுமாறிய அதே முனையில் போய் நின்றாள். செல்லக்கனியும் ராஜபாளையத்திலிருந்து வந்து பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றாள். வெயில் தாழ்ந்திருந்தது. தெருவில் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை, கோலங்கள் நனைந்திருந்தன. மேளம் நெருங்கியதும் கூட்டம் எழும்பி நின்றது. ஆயிரக்கணக்கான கைகள் தலைக்கு மேல் குவிந்தன. பூவும் பட்டும் தீவட்டி வெளிச்சமுமாகத் தாயார் வீதி திரும்பினாள். எல்லா முகங்களும் ஒருசேர மேலே நிமிர்ந்தன.

வஞ்சுளவல்லி மட்டும் கீழே பார்த்தாள்.

தண்டுக்குக் கீழே வெறுங்கால்கள் ஒரே சமயத்தில் எழுந்து ஒரே சமயத்தில் பதிந்தன. முன்வரிசையில் அந்த வலது கால். ஈரக் கல்லில் விரல்கள் அகன்று பிடித்தன. பெருவிரல் அழுந்தியது, ரோஜா நிற நகம் வெளுத்து, கால் எழும்போது மறுபடி ரத்தம் ஓடிச் சிவந்தது. தாயாரும், தங்கமும், மாலைகளும், அந்தக் கூட்டத்தின் மொத்த மூச்சும் ஒரு கணம் அந்த விரலின் மேல் நின்றன. அது தாங்கியது. முனையைக் கடந்தது. கிளி அசையவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்து அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கைகள் தாமாகவே குவிந்தன.

"ஏட்டி" என்று செல்லக்கனி முழங்கையால் இடித்தாள். "சாமி மேல போகுது. நீ எங்க பாத்துக் கும்பிடுத?"

வஞ்சுளவல்லி நிமிர்ந்தபோது தோளுக்கினியான் தள்ளிப் போய்விட்டது. தாயாரின் பின்கோலம்தான் தெரிந்தது. முகத்தைச் சேவிக்கவில்லையே என்று அவளுக்குக் குறையாக இல்லை.

"நன்னாச் சேவிச்சேன்" என்றாள்.