மூச்சுப் பை

வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும்போது வெங்கடாசலத்தின் கையில் நல்ல பாம்பு போட்டுவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர் பைக்கை ஓட்ட, நடுவில் அவரை உட்காரவைத்து, பின்னாலிருந்து மனைவி கோவிந்தம்மாள் கட்டிப் பிடித்தபடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மணி பதினொன்று. அதற்குள் அவரால் கண் இமையைத் தூக்க முடியவில்லை. விழுங்க முடியாத எச்சில் வாயோரம் வழிந்தது.

அன்று நர்ஸ் சங்கவி ஒருத்திதான் இருந்தாள். டாக்டர் விழுப்புரத்தில் மீட்டிங்குக்குப் போயிருந்தார். இன்னொரு நர்ஸ் பிரசவ லீவில் போய் நாலு மாசம் ஆகிறது. அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

இருந்த விஷமுறிவு மருந்து பத்துக் குப்பியையும் ஏற்றத் தொடங்கிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். வண்டி விபத்து கேஸ் ஒன்றை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. வர முக்கால் மணி நேரம் ஆகும். டாக்டருக்குப் போன் போட்டாள்.

“வெண்டிலேட்டர் இல்லாம தாங்காதும்மா. நான் இங்க பெரிய ஆஸ்பத்திரியில சொல்லி வைக்கறேன். கெடைக்கிற வண்டியில அனுப்பு.”

“மூச்சு நின்னுக்கினு வருது சார். மூச்சுப் பை வச்சு அமுக்கிக்கினே போவணும். யாரு போறது?”

“நீ போயிட்டா அங்க யாரு?”

“போவலன்னா வழியிலேயே செத்துடுவாரு சார்.”

“பாத்து செய்மா” என்று சொல்லி வைத்துவிட்டார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

வாசலில் மல்லாட்டை மூட்டை ஏற்றிப் போகிற குட்டியானை வண்டி ஒன்று நின்றது. மூட்டைகளை இறக்கிவிட்டு வெங்கடாசலத்தைக் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்குகிற மண்ணாங்கட்டியிடம், “யாராவது வந்தா திண்டிவனம் அனுப்பிடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு கோவிந்தம்மாளோடு சங்கவியும் ஏறிக்கொண்டாள்.

நெடுஞ்சாலைக்கு வருவதற்குள் அவருக்கு மூச்சு சுத்தமாக நின்றுபோனது. இடது கையால் தாடையைத் தூக்கி முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ரப்பர் பையை அமுக்கினாள். ஐந்து எண்ணி ஒரு அமுக்கு. பத்து நிமிஷத்தில் விரல் மரத்துப்போனது. மேலே ஷெட் இல்லாத வண்டி; வெயில் தலையைப் பிளந்தது.

“நான் அமுக்கட்டுமா நர்சம்மா?” என்றாள் கோவிந்தம்மாள்.

“அமுக்குங்க. நான் எண்றேன். அவரு மயக்கத்துல இல்லம்மா, ஒடம்புதான் அசையல. காது கேக்கும். பேசிக்கினே வாங்க.”

கோவிந்தம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அமுக்குவதை விடவில்லை. “யோவ், கேக்குதா? இன்னும் ரெண்டு பாத்தி பாக்கி கெடக்குது. ஆளு வச்செல்லாம் பிடுங்க மாட்டேன். நீதான் வந்து பிடுங்கணும், சொல்லிட்டேன்.”

விக்கிரவாண்டி தாண்டும்போது முன் சீட்டில் கிடந்த சங்கவியின் போன் அடித்தது. வண்டிக்காரர் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் வழியாக நீட்டினார். மண்ணாங்கட்டி.

“அம்மா, ரோட்டு மேல டீக்கடை வச்சிருக்கிற விருத்தாசலத்தக் கூட்டியாந்துகிறாங்க. நெஞ்சு வலி. வேத்து ஊத்துது. மாத்திரை பீரோ பூட்டிக்கினு இருக்குதும்மா.”

சாவி அவள் கோட்டுப் பையில் இருந்தது. “பூட்டை உடைங்கண்ணே! மேல் தட்டுல செவப்பு டப்பா.”

“கவர்மெண்டு பூட்டாச்சேம்மா…”

“நான் சொல்றேன், உடைங்க. ஜல்தி!”

மண்ணாங்கட்டி கடப்பாரை தேடி எடுத்து வருவதற்குள் விருத்தாசலத்தைப் பைக்கில் உட்காரவைத்து அவர் தம்பி திண்டிவனத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தான்.

விழுப்புரத்தில் வெங்கடாசலத்தை இறக்கியதும் நேராக வெண்டிலேட்டரில் போட்டார்கள். மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வெளியே வந்தார். விருத்தாசலம் உயிரோடு திண்டிவனம் போய்ச் சேரவில்லை. நாற்பத்திரண்டு வயது.

சங்கவிக்கு மெமோ வந்தது. அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு அகன்றது ஏன்? நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். டாக்டர் படித்துவிட்டு, “நான் போன்ல சொன்னத எழுத வேணாமே” என்றார். அவள் அந்த வரியை அடிக்கவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் விருத்தாசலத்தின் மனைவி, மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்தாள். வாங்கிய பிறகும் நகரவில்லை.

“அன்னைக்கு நீங்க இங்க இருந்திருந்தா பொழச்சிருப்பாரா?”

பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லிவிடலாம். அவளுக்கும் பாரம் குறையும், தனக்கும் குறையும். சங்கவி அப்படிச் சொல்லவில்லை.

“தெரியலக்கா. ஆனா மாத்திரை குடுத்திருப்பேன். இங்கயே படுக்க வச்சிருப்பேன். பைக்ல அனுப்பியிருக்க மாட்டேன்.”

அவள் தலையை ஆட்டினாள். கோபமா, வேறு ஏதாவதா, சங்கவிக்குப் புரியவில்லை. வந்தவள் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். வரிசையில் இருபது பேர் நின்றார்கள். யாரும் அவளை நகரச் சொல்லவில்லை. சங்கவி அடுத்த சீட்டைக் கையில் எடுத்தாள். அதிலிருந்த பேரைக் கூப்பிட வெகுநேரம் ஆனது.