மூலையில் ஒரு கறுப்புச் சதுரம்

மெரிலேண்ட்ஸ் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடுகிற பெண்கள் கழகத்தில் விமலாதேவியைப் போலக் குரோஷே பின்ன ஒருத்தரும் இல்லை. இதை அவளாகச் சொல்ல மாட்டாள். மற்றவர்கள் சொன்னால் இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு, இன்னொரு தரம் சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பாள். யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்தில் மெல்லிய வெள்ளை நூலில் லேஸ் பின்னிப் பழகிய கை அது. இங்கே வந்து பார்த்தால், வெள்ளைக்காரிகள் தடித்த கம்பளி நூலை வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றி மும்மூன்று தையல், மூலைக்கு மூலை ஓர் இடைவெளி என்று உள்ளங்கை அகலத்தில் சதுரம் சதுரமாகப் பின்னித் தள்ளினார்கள். ஊதாவுக்குப் பக்கத்தில் செம்மஞ்சள், பச்சைக்குப் பக்கத்தில் ரோசா. பார்த்தால் கண் கூசும். அதற்குக் கிரானி ஸ்குவேர் என்று பெயர். அந்தச் சதுரங்களைப் பொருத்தினால் போர்வை. போர்வைகள் ஏழைகளுக்கு.

ஏழைகளுக்கு என்பதுதான் விமலாதேவியை அங்கே இழுத்துக்கொண்டு போனது. ஆஸ்திரேலியாவுக்கு வந்த நாள் முதல் அவள் வாங்குகிற கையாகவே இருந்தாள். கொடுக்கிற கை, கணவன் யோகேஸ்வரனின் அக்கா ராஜகுமாரியுடையது. ராஜகுமாரியின் புருஷன் டொக்டர் சிவபாலன். எப்பிங்கில் பெரிய செங்கல் வீடு. இவர்களுக்கு வாடகை வீடு பிடித்துத் தந்தது ராஜகுமாரி. முதல் குளிருக்குத் தன் பழைய கோட்டைத் தந்ததும் ராஜகுமாரி. தந்ததையெல்லாம் வருகிறவர் போகிறவருக்குச் சொல்லித் திரிந்ததும் அவளேதான். அவள் வீட்டு வரவேற்பறையில் ஒரு படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஆஸ்பத்திரி விழா ஒன்றில் ராஜகுமாரி ஒரு பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறாள். விமலாதேவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, "உமக்கும் ஒரு காலம் வரும்" என்று ராஜகுமாரி அவள் தோளில் தட்டினாள்.

அந்தத் தட்டு விமலாதேவிக்கு இன்னும் வலித்தது. தானும் ஒருநாள் கொடுக்கிறவளாகப் படத்தில் நிற்க வேண்டும், அதை மச்சாள் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தாள். சின்ன ஆசைதான். பெரிய ஆசைகளை வைத்துக்கொண்டு யார் சந்தோஷமாக இருந்தார்கள்?

கழகத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. ஆண்டுதோறும் குளிர்காலம் பிறந்ததும் போர்வைகளெல்லாம் முதியோர் இல்லங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போகும். ஆகச் சிறந்த ஒன்றை மட்டும், அந்த வட்டாரத்திலேயே கஷ்டப்படுகிற ஒரு குடும்பத்துக்கு மேடையில் வைத்துக் கொடுப்பார்கள். உள்ளூர் வாரப் பத்திரிகையிலிருந்து ஆள் வந்து படம் பிடிப்பான். எழுபத்தாறாம் ஆண்டு அந்தச் சிறந்த போர்வையைப் பொருத்துகிற வேலை விமலாதேவிக்குக் கிடைத்தது. வேறு யாருக்குக் கிடைக்கும்? சதுரங்களை நிறம் பார்த்து அடுக்கி, தொய்ந்த தையல்களை ஒருவருக்கும் தெரியாமல் பிரித்துப் பின்னி, அவள் முடித்தபோது அது கோயில் விதானம் போல இருந்தது. அதனாலேயே அவளுக்குப் பயம் வந்தது. இவ்வளவு வடிவான சாமானை வெறுமனே விட்டால் நாவூறு பட்டுப்போகும். ஆகவே ஒரு மூலையில், குழந்தையின் கன்னத்துப் பொட்டு மாதிரி, முழுக் கறுப்பில் ஒரேயொரு சதுரம் வைத்தாள். கழகத்துப் பெண்கள் அதைப் பார்த்தார்கள். பாவம், நூல் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் அப்படி நினைத்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன. கூட்டம் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை விமலாதேவிக்கு விரதம். தேநீர் வேளையில் சான்ட்விச்சும் கேக்கும் சுற்றி வரும்போது வெறும் தேநீரோடு நிறுத்திக்கொள்வாள். ஒருநாள் தலைவி மிஸிஸ் ஹார்வூட் ஏன் என்று கேட்டார். விரதத்தைப் பறைசாற்றுவது அழகில்லை என்பதால், வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் சாப்பிடுவதில்லை என்று மட்டும் சிரித்துக்கொண்டு சொன்னாள். புருஷனுமா என்று கேட்டார். அவரும்தான், இருட்டின பிறகு ஏதாவது சாப்பிடுவார் என்றாள். மிஸிஸ் ஹார்வூட் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். எவ்வளவு பக்தியுள்ள பெண் என்று மெச்சுகிறார் என விமலாதேவி பூரித்துப்போனாள்.

பிறகு ஒருநாள் மிஸிஸ் ஹார்வூட் நூல் பை ஒன்றைக் கொடுக்க வீட்டுக்கே வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர் கண்டது என்ன? சோபாவில் பழைய படுக்கை விரிப்பு. அதற்குக் கீழே கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை கூடக் கழற்றாத புது வெல்வெட் இருந்தது. அது அவருக்கு எப்படித் தெரியும்? வாங்கி ஆறு மாதமான கலர் டீவி, கண்படக் கூடாதென்று படுக்கையறைக்குள் துணி போர்த்துக் கிடந்தது. நகையெல்லாம் வங்கிப் பெட்டகத்தில். கையில் இரண்டு பிளாஸ்டிக் வளையல். தொண்டை காய்ந்துவிடும் என்று ஹீட்டரைப் போடுவதில்லை. வீட்டுச் சேலைக்கு மேல் யோகேஸ்வரனின் கம்பளிச் சட்டை, காலில் அவனுடைய காலுறை. விருந்தாளிக்கு நல்ல கோப்பையில் தேநீரும் தட்டு நிறைய முறுக்கும் வைத்துவிட்டு, தான் பழைய ஜாம் போத்தலில் ஊற்றிக்கொண்டு குசினி வாசலில் நின்றபடியே குடித்தாள். அது மரியாதை. நீயும் சாப்பிடேன் என்று மிஸிஸ் ஹார்வூட் தட்டை நீட்ட, வேண்டாம் வேண்டாம், உங்களுக்குத்தான் என்று திருப்பித் தள்ளினாள்.

கணவருக்கு வேலை எப்படி என்று மிஸிஸ் ஹார்வூட் மெதுவாகக் கேட்டார். அந்த மாதம்தான் யோகேஸ்வரனுக்குக் கந்தோரில் பதவி உயர்வு கிடைத்திருந்தது. புதுக் காருக்கும் சொல்லி வைத்திருந்தான். அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற தமிழச்சி இன்னும் பிறக்கவில்லை. ஏதோ கடவுள் புண்ணியத்தில் காலம் போகிறது என்றாள் விமலாதேவி. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். மிஸிஸ் ஹார்வூட்டின் கண் கலங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் விமலாதேவியைத் தனியே கூப்பிட்டார். கமிட்டி ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறது, நீ மேடைக்கு வர வேண்டும், உங்கள் நாட்டு உடையிலேயே வா என்றார். மேற்கொண்டு சொல்ல அவருடைய நல்ல மனசு இடம் கொடுக்கவில்லை. விமலாதேவிக்குச் சொல்லவும் தேவைப்படவில்லை. போர்வையைப் பொருத்தியவள் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது? வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ராஜகுமாரிக்கு டெலிபோன் எடுத்தாள். ராஜகுமாரிக்கு அன்று வேறு ஓர் அலுவல் இருந்தது. பரவாயில்லை, படம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறேன் என்றாள். குரலில் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. விமலாதேவி அதை அனுபவித்துக் கேட்டாள்.

விழாவன்று வங்கிப் பெட்டகம் திறந்தது. அரக்கு நிறக் கூறைச் சேலை, அட்டியல், பதக்கம் வைத்த சங்கிலி, கை நிறையக் காப்பு. யோகேஸ்வரன் கோட்டும் டையும் கட்டி முன்வரிசையில் இருந்தான். கழகத்துப் பெண்கள் கூடிவந்து அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தன் பேத்தியிடமும் இப்படி மின்னுகிற மாலை ஒன்று இருக்கிறது, கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருத்தி அன்போடு சொன்னாள்.

மிஸிஸ் ஹார்வூட் வழக்கமான சாம்பல் நிறக் கம்பளிக் கார்டிகனோடு மேடைக்கு வந்தார். முழங்கையில் தைத்துப் போட்ட கார்டிகன் அது. ஊரில் மூன்று கடைகளுக்கு வாடகை வாங்குகிறவர் என்று பார்த்தால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நம் நடுவிலேயே ஒரு குடும்பம் இருக்கிறது என்று பேசத் தொடங்கினார். குளிர்ந்த வீடு, கிழிந்த விரிப்பு, ஆனாலும் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. மேடையில் அவருக்குப் பக்கத்தில் நின்ற விமலாதேவியின் நெஞ்சு உருகிற்று. யாரந்தப் பாவப்பட்ட சனங்கள் என்று மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்றார் மிஸிஸ் ஹார்வூட். கத்தோலிக்கராக்கும் என்று விமலாதேவி நினைத்தாள். முன்வரிசையில் யோகேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான்.

போர்வை அவள் கைக்கு வந்தது. அதை ஏந்திக்கொண்டு, வாங்க வருகிறவளை எதிர்பார்த்து முகம் நிறையச் சிரிப்போடு நின்றாள். மறுமுனையை மிஸிஸ் ஹார்வூட் விடவில்லை. பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. ஒருவரும் வரவில்லை. மண்டபம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. மிஸிஸ் ஹார்வூட் அவளைக் கட்டிப்பிடித்து, இது உனக்குத்தான் கண்ணே என்று காதுக்குள் சொன்னார்.

விமலாதேவியின் முகத்தில் ஈயாடவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. வேண்டாம் என்று சொல்லலாம். வீட்டில் கலர் டீவி இருக்கிறது, இது இருபத்திரண்டு கரட் தங்கம் என்று மைக்கில் சொல்லலாம். ஆனால் அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் தேங்க் யூ என்றாள். அதைவிடக் கஷ்டமான ஒரு சொல்லை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை.

காரில் வரும்போது யோகேஸ்வரன், நல்ல போர்வைதான் என்று தொடங்கினான். அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டான்.

பத்திரிகையில் படம் வந்தது. அதைப் பிரித்து மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு மெல்ல உயிர் வந்தது. பட்டும் தங்கமுமாய்ச் சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரு சீமாட்டி, எதிரே தைத்த கார்டிகனோடு கண் கலங்கி நிற்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவி, நடுவில் போர்வை. யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று படத்துக்குக் கீழே இரண்டு வரி சொன்னது. விமலாதேவி கத்தரிக்கோலை எடுத்து அந்த இரண்டு வரியையும் ஒட்ட நறுக்கினாள். பிறகு படத்தைச் சட்டம் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ராஜகுமாரி வந்தாள். எதிர்பார்த்ததை விட ஒரு மணித்தியாலம் முந்தி வந்துவிட்டாள். படத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தாள். விமலாதேவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாவம் அந்த மனுசி. முழங்கையிலை தைச்சிருக்கு, பாரும்" என்றாள் ராஜகுமாரி. "வெள்ளைக்காரருக்குள்ளையும் இப்பிடிக் கஷ்டப்பட்ட சனம் இருக்குது."

"ஓம் மச்சாள்."

"நீர் குடுத்தது நல்ல காரியம்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் விமலாதேவி ஒரு வருடமாக நூலோடு மல்லுக்கட்டினாள். அதைக் கேட்ட சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் தெரியவில்லை. மச்சாள் உட்காரப் போன கதிரையை அவள் கவனிக்கவில்லை. காலையில் குளிர்கிறது என்று யோகேஸ்வரன் அலுமாரியிலிருந்து போர்வையை எடுத்து அந்தக் கதிரையில்தான் சுருண்டு கிடந்தான். அக்காவைக் கண்டதும் எழுந்தவன் அதை அப்படியே போட்டுவிட்டு நின்றான். ராஜகுமாரி குனிந்து போர்வையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள்.

"இது அந்தப் போர்வை எல்லே? உந்தக் கறுப்புச் சதுரம் படத்திலையும் கிடக்கு."

நாவூறு படாமல் காக்க வைத்த சதுரம். விமலாதேவி யோகேஸ்வரனைப் பார்த்தாள். அவன் யன்னலைப் பார்த்தான்.

"அவா வாங்கேல்லை மச்சாள்" என்றாள் விமலாதேவி. "படத்துக்கு மட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டு, வேண்டாம் எண்டு திருப்பித் தந்திட்டா. நல்ல ரோசக்காரி."

ராஜகுமாரி படத்திலிருந்த கிழவியை இன்னொரு தரம் பார்த்தாள். இந்த முறை மரியாதையோடு பார்த்தாள்.

"ரோசம் எண்டால் அப்பிடி இருக்கவேணும். எங்கடை ஆக்களெண்டால் பல்லைக் காட்டிக்கொண்டு கையை நீட்டி வாங்கியிருப்பினம்."

சொல்லிவிட்டு அவள் கதிரையில் உட்கார்ந்து போர்வையை முழங்காலில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வீடு ஏன் இப்படி விறைக்கிறது, ஹீட்டரைப் போட்டால் என்ன என்று கேட்டாள். விமலாதேவி போய் ஹீட்டரைப் போட்டாள்.