ஒன்றை மட்டும் விட்டு வைத்தேன்

என் சகலைக்கு வாய்க்காதது என்று இந்த உலகத்தில் ஏதாவது உண்டா என்று ஒன்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். சொந்த வீடு, கார், தலை நிறைய முடி, எதைச் சொன்னாலும் சிரிக்கிற மாமனார். எனக்கும் அதே மாமனார்தான். நான் மூத்த மகளைக் கட்டியவன், அவன் இளையவளைக் கட்டியவன். நான் போனால் "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார். அவன் போனால் பேப்பரை மடித்து வைப்பார்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மீன் தொட்டியைத்தான் பொறுக்க முடியவில்லை. கடல் தண்ணீர்த் தொட்டி என்பது எங்கள் குடும்பத்தில் என் சமாச்சாரம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க அடுத்தவர் நரம்பைத் தேடிக்கொண்டிருப்பவன் நான். சாயங்காலம் வந்து, குளியலறைக்குப் போகிற வழியில் இருக்கும் என் இரண்டடித் தொட்டி முன்னால் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு வரும். உப்பு கரைப்பது, பவளம் வளர்ப்பது எல்லாம் நானாகத் தட்டுத் தடுமாறிக் கற்றது. ஒருநாள் அதை வந்து பார்த்தான் சகலை. பார்த்துவிட்டுப் பேசாமல் போனான். மூன்றே மாதத்தில் அவன் கூடத்தில் ஆறடித் தொட்டி! கட்டட கான்ட்ராக்டர் அல்லவா, சுவரையே இடித்துப் பதித்திருந்தான்.

மாமனார் தன் சிநேகிதர்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துப் போய்க் காட்டினார். "எங்க சின்ன மாப்பிள்ளை வீட்டுல கடலே இருக்கு" என்று பெருமை வேறு. அப்படியென்றால் என் வீட்டில் இருப்பது என்ன, குட்டையா? வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

ஒரு தடவை அங்கே போயிருந்தபோது தொட்டியின் மூலையைக் காட்டினான். "சகல, இங்க பாருங்க. பாறையோட ஓசியில ஒரு பூ வந்திருக்கு."

பழுப்பு நிறத்தில் நகத்தளவு இருந்தது. நூல் நூலாகக் கைகள் ஆடின. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. களை அனிமோன். பார்க்கத்தான் பூ, உண்மையில் அது பிராணி. பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சாகடித்துவிடும். ஒன்று வந்தால் கொஞ்ச நாளில் தொட்டி முழுக்க அதுதான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"அழகா இருக்கே" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, நான் வேலையில் இருக்கும்போது போன் வந்தது. "சகல, அது பூ இல்லயாம்! கத்திய வெச்சு சுரண்டி எடுத்தேன். இப்ப எங்க பாத்தாலும் அதுதான். நாப்பது எண்ணிட்டேன்."

சுரண்டினானாம்! அந்தப் பிராணியைப் பிய்த்தால் ஒவ்வொரு துணுக்கும் ஒரு புதுப் பிராணியாகும். ஆறடித் தொட்டி வைக்கத் தெரிந்தவனுக்கு அது தெரியவில்லை.

"உங்கள விட்டா எனக்கு யாரும் இல்ல சகல" என்றான்.

ஒன்பது வருடம் காத்திருந்தேன், அந்த ஒரு வார்த்தையை அவன் வாயால் கேட்க.

சனிக்கிழமை நாலு மணிக்குப் போனேன். சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து ஊசியில் ஏற்றினேன். தண்ணீர் அசையாமல் இருக்க மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். அந்தப் பிராணி பயங்கர உஷார். லேசாகப் பட்டாலே பாறை ஓட்டைக்குள் சுருட்டிக்கொண்டு போய்விடும். அது சுருங்குவதற்குள் வாயிலேயே மருந்தை இறக்க வேண்டும். கைக்குழந்தைக்கே அழாமல் ரத்தம் எடுக்கிறவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி. நாற்பதில் முதல் பத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்தேன்.

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கை நடுங்கவே இல்லயே மாப்பிள்ளை!" என்றார். கொழுந்தியாள் இரண்டு தடவை காபி கொண்டுவந்தாள். நான் ஏதாவது கேட்பதற்கு முன்பே சகலை துண்டோடு நின்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே நாளில் நிறையச் சுண்ணாம்பு இறக்கினால் தண்ணீர் கெட்டுவிடும், வாரம் பத்துதான் என்று சொன்னேன். அது உண்மைதான். அந்தக் கணக்குக்கு நாலாவது வாரத்தோடு வேலை முடிந்திருக்க வேண்டும்.

நாலாவது வாரம், பின்பக்கப் பாறைக்கு அடியில் ஒன்றே ஒன்று பாக்கி. ஊசியை அதன் வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். இதுவும் செத்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை எனக்கு இங்கே என்ன வேலை? மறுபடியும் பேப்பருக்குள் போய்விடுவார் மாமனார். ஊசியைத் திருப்பிக்கொண்டேன்.

"முடிஞ்சுதா சகல?"

"எங்க? மறுபடி கிளம்பும். வாரா வாரம் வந்து பாக்கணும்" என்றேன், வாய் கூசாமல்.

அப்படியே பத்தாவது வாரம் வரை ஓட்டினேன். அது குட்டி போடும், நான் குட்டிகளைக் கொல்வேன், தாயை விட்டுவிடுவேன். பத்தாவது வாரம் போனபோது அதற்குப் பக்கத்திலிருந்த பச்சைப் பவளம் ஒரு பக்கம் வெளுத்துக் கிடந்தது. உள்ளங்கை அகலத்துக்கு நன்றாக வளர்ந்திருந்த பவளம்.

"இது எனக்குன்னு அவர் வாங்கினது மாமா. பொழைச்சுக்கும்ல?" என்று கேட்டாள் கொழுந்தியாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, மூன்று குட்டிகளைக் கொன்றுவிட்டு, அன்றைக்கும் தாயை விட்டுத்தான் ஊசியைக் கழுவினேன். அவ்வளவு கேடுகெட்டவன் நான்.

எல்லோரும் உள்ளே போனபிறகு சகலை பக்கத்தில் வந்தான். "அந்தப் பின்பாறைக்கு அடியில ஒண்ணு இருக்கே சகல."

"அப்படியா? கண்ணுல படல."

"போன வாரமும் படல. அதுக்கு முந்தி ஒரு வாரம் ஊசிய அதுகிட்ட வரைக்கும் கொண்டுபோயிட்டுத் திருப்பிட்டீங்க." சத்தமே இல்லாமல் பேசினான், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாதாம். "எத்தனை வருஷமா வாங்க வாங்கன்னு கூப்பிடுறேன். இதுக்காகத்தான் வர ஆரம்பிச்சீங்க. சரி, ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்னு நானும் கண்டுக்கல. இப்ப அவ பவளத்துல கை வெச்சிடுச்சு. அதான் சொல்றேன்."

திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் வீட்டுக்கு வந்து நிம்மதியாக அவனைக் கரித்துக் கொட்டியிருப்பேன். பாவி, அதற்கும் வழி விடவில்லை. பெரிய மனது என்ற ஒன்றுதான் அவனிடம் இல்லை என்று நினைத்திருந்தேன், அதையும் வைத்திருக்கிறான்! மறுபடி ஊசியை ஏற்றி அந்தக் கடைசி ஒன்றையும் முடித்தேன். காபி வருவதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை போகவில்லை. என் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன, இன்னிக்கு தங்கச்சி வீட்டுக்குப் போகலயா?" என்றாள் மனைவி.

"வேலை முடிஞ்சுடுச்சு."

"வேலைக்கா போனீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

நாலரைக்கு மணி அடித்தது. சகலை. கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை, உள்ளே அந்தப் பச்சைப் பவளம். "என் தண்ணியில இது தேறாது சகல. உங்களுதுல கொஞ்ச நாள் வெச்சுப் பாக்கலாமா?"

வாங்கிக்கொண்டேன். பை தண்ணீரில் மிதந்தபடி சூடு சமனாகட்டும் என்று விட்டேன். அவன் குனிந்து கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி பார்த்தான். எழுந்திருக்கவே இல்லை.

"ஒரு களை இல்ல. ஒரு பாசி இல்ல" என்றான். "எப்படித்தான் வெச்சிருக்கீங்களோ. வயிறு எரியுது சகல."

சும்மா என்னைத் தேற்றுகிறான் என்றுதான் நினைத்தேன். "நிஜமாவா?" என்றேன்.

அவன் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. "பின்ன? மூணு வருஷமா எரியுது. இத இங்க பாத்துட்டுப் போயிட்டு அன்னிக்கு நான் சாப்பிடவே இல்ல. அவ்வளவு செலவு பண்ணி சுவர இடிச்சது எதுக்குன்னு நினைச்சீங்க? இத்துனூண்டு தொட்டிக்கிட்ட தோத்துப் போயிட்டேன்னு."

பையில் இருந்த பவளத்துக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. அவிழ்த்து விட வேண்டும். என் கை அசையவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.