மூக்கண்டப்பள்ளிப் புகையில் பிறந்த நட்சத்திரங்கள்

2003 ஆவணியில், மூக்கண்டப்பள்ளியில் பொற்கொடி குடியிருந்த ஷீட் வீட்டுக்கு மேலே ஃபவுண்டரிப் புகை திரண்டு முப்பத்தொரு நட்சத்திரங்கள் பிறந்தன. எல்லாம் நீலம், பெரியது பலாக்காய் அளவு. அதே ஃபவுண்டரியின் உலைக்குழிக்குள் விஷவாயு தாக்கி அவள் கணவன் ரத்தினவேல் இறந்து அன்றைக்கு நாற்பத்தோராம் நாள். குழியில் வாயு நிற்பது தெரிந்தும் அவனை இறங்கச் சொன்ன முதலாளி ராஜேஷ்குமார், மாரடைப்பு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிட்டார்.

இளம் நட்சத்திரங்களுக்குச் சூடு அதிகம். ஒரே மாதத்தில் தம்மைப் பெற்ற புகையையே ஊதித் தள்ளின. வீட்டைச் சுற்றி நானூறு அடிக்கு, கவிழ்த்த அண்டாபோல வானம் வெளுத்து நின்றது. தள்ளிய புகை எங்கும் போய்விடவில்லை. விளிம்பில் சுவராக இறுகியது. அங்கே டீக்கடை வைத்திருந்த சாந்த் பாஷா பகலிலேயே லைட் போடவேண்டியிருந்தது.

"யக்கா, நீ தள்ற பொகையெல்லாம் என் கடை மேலயே வந்து நிக்குது."

அப்போதுதான் பொற்கொடிக்கு விளங்கியது. பாஷாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுநாளே வாடகை வீடு தேடினாள். முதலாளியின் பங்களா வாசலிலிருந்து நானூறு அடியைக் காலால் அளந்து ஓர் அறை பிடித்தாள். நட்சத்திரங்களும் கூடவே வந்தன. புகைச்சுவர் பங்களாமேல் உட்கார்ந்தது. முதலாளி வீட்டுப் பால் கறுத்தது. அவர் மனைவி சுப்ரியா பெங்களூருக்குப் போய்த் திரும்பவில்லை. முதலாளி பாகலூர் ரோட்டில் புது பங்களா கட்டிப் போனார்; பொற்கொடியும் அளந்துகொண்டு பின்னாலேயே போனாள்.

2007இல் ராஜேஷ்குமார் இருமிக்கொண்டே அவள் வாசலுக்கு வந்தார்.

"இன்னா வேணும், சொல்லும்மா."

"எங்க வீட்டுக்காரரு எப்படிச் செத்தாருன்னு கம்பெனி வாசல்ல நின்னு சொல்லுங்க."

மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், இருநூறு பேர் முன்னால் சொன்னார். "கேஸ் இருக்கறது தெரியும். நான்தான் எறங்கச் சொன்னேன்." அங்கிருந்து நேரே அவள் வீட்டுக்கு வந்து, "இப்பவாச்சும் வேற பக்கம் போயிடுவியா?" என்றார்.

"போறேன்னு நான் சொல்லவே இல்லீங்களே," என்று கதவைச் சாத்தினாள். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

இன்னும் ஒரு வருஷம் தாங்கிவிட்டு, ஃபவுண்டரியை விற்று, பங்களாவைப் பூட்டாமலே அவர் ஊரைவிட்டுப் போனார். பெருத்த நட்சத்திரங்களுக்கு ஆயுசு குறைவு. 2009 தை மாதத்துக்குள் முப்பத்தொன்றும் அணைந்தன. ஆனால் பங்களாமேல் இறுகிக் கிடந்த புகைக்குள் புதிதாக ஒரு கூட்டம் பிறந்து, அங்கே வானத்தை வெளுக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பகுதியில் வெள்ளைச் சட்டை துவைப்பவர்கள் எல்லாரும் பூட்டாத அந்தப் பங்களாவின் மொட்டைமாடியில்தான் காயப்போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொடியில் இடம் கிடைப்பதில்லை.