பதினொன்றாவது வரி

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் தொடங்கியது. என் பேத்தி ஆர்ஷா ஸ்பெயினில் ஒரு வீட்டில் ஐந்து மாதம் தங்கிப் படிக்கப் போகிறாள். போவாள் என்று இன்னும் உறுதியில்லை. ஆனால் அவள் போனில் இப்போதே ஸ்பெயின் நேரம்தான் ஓடுகிறது. மதியச் சோறு போட்டால், அங்கே இப்போதுதான் காலை என்கிறாள்.

அவள் அப்பாவும் அம்மாவும் மஸ்கட்டில். இங்கே கார்டியன் நான். பிள்ளை எப்படிப்பட்டவள் என்று அந்த வீட்டம்மாவுக்கு நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடிதம் இன்று மாலைக்குள் போகாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்கு.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பழவங்காடிக் கடைத்தெருவில் தேங்காய் விற்றவன். வாங்கும்போது தட்டிப் பார்ப்பேன், விற்கும்போது தட்டவிடமாட்டேன்.

2

முதல் தொடக்கம்: "மரியாதைக்குரிய அம்மா, எங்கள் ஆர்ஷா மிகவும் அடக்கமான—"

பொய். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அம்மா, உங்கள் வீட்டுக்காரர் குடிப்பாரா—"

இதை ஆர்ஷா அடித்தாள்.

"பாட்டா, அவங்கதான் நம்மகிட்ட கேக்காங்க. நாம திருப்பிக் கேக்காண்டாம்."

"வீடு விசாரிக்காம அனுப்ப நீ என்ன பார்சலாட்டி?"

(இந்தப் பேச்சு கடிதத்தில் வராது. கதையில் மட்டும். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறாள்.*)

* வாசிக்கட்டும். பள்ளியில் படித்தது மலையாளம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவள் இந்த இடத்துக்கு வருவதற்குள் நான் அடுத்த பக்கம் போய்விடுவேன்.

3

பத்து வரி தகராறில்லாமல் வந்தது. நன்றாகப் படிப்பாள், பாடுவாள், துணி மடிப்பாள் (பாதி). பதினொன்றாவதில் சண்டை:

"சாப்பிடுகிறாயா என்றால் வேண்டாம் என்பாள். நம்பாதீர்கள். மூன்றாவது தடவை கேளுங்கள்."

கேட்டவுடனே உட்கார்ந்துவிடுவது எங்கள் ஆட்களிடம் மரியாதை இல்லை. அங்கேயோ ஒரு தடவை வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிடுவார்களாம். மாடியில் குடியிருக்கும், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிரஜின் சொன்னான். ஐந்து மாதப் பட்டினி!

"ஐயே, அந்த வரி வேண்டா பாட்டா. தன் காரியம் தானே பாக்குற பிள்ளைதான் வேணும்னு படிவத்துலயே போட்டிருக்கு. சோறூட்டணும்போல, கொச்சுப்பிள்ளைன்னு தள்ளிருவாங்க."

"பட்டினி கெடக்கதும் தன் காரியமா?"

"நான் அங்க முதல் தடவையே வாங்கித் தின்னுவேன். சத்தியம்."

"சரி. இப்போ ரெண்டு தோசை சுடட்டா?"

"வேண்டா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள்.

4

முடிவு ஒன்று: வரி இல்லை. இடம் கிடைக்கிறது. பிள்ளை இளைத்துத் திரும்புகிறாள்.

முடிவு இரண்டு: வரி இருக்கிறது. இடம் போகிறது. பிள்ளை என்னோடு பேசமாட்டாள். ஆனால் இங்கேயே இருப்பாள். இது எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் இதை நம்பவில்லை.

கடைசியில் அவள், "நீங்க சொல்லுங்க, அப்படியே எழுதுகேன்," என்றாள். நான் வாசித்தேன். அவள் ஸ்பானிஷில் தட்டி அச்செடுத்து வந்தாள். எண்ணினேன். என்னுடையது பதினொரு வரி. அவளுடையது பத்து.

"ஸ்பானிஷ்ல சுருங்கித்தான் வரும், பாட்டா."

என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். (பார்க்காமல் சொன்னாள் என்று முதலில் எழுதி அடித்தேன். எது உண்மை என்று இப்போது எனக்கே—)

பிரஜின் மாடியிலிருந்து இறங்குகிறான். தாளுக்கு மேலே அவன் போனைப் பிடித்தால் ஒரு நிமிஷத்தில் தமிழில் சொல்லிவிடும். அவனைக் கூப்பிட்டால் இவள் முகம் எப்படிப் போகும் என்று எழுத எனக்குத் தெரியும். கூப்பிடாமல் கையெழுத்துப் போடுகிற கிழவனை எழுதத் தெரியவில்லை. அப்படி ஒருத்தனை நான் பார்த்ததில்லை.

அவன் செருப்பு மாட்டுகிறான். நீங்கள் சொல்லுங்கள், சீக்கிரம்.