வெயிலில் தெரியாத தீ

திரையில் ஹைட்ரஜன் குழாயின் அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான், ஆனால் நிற்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த பொறியாளர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கசிவைத் தேடி வெளியே போயிருப்பவன் அவளுடைய தம்பி, ஆலையின் ஃபிட்டர்.

நீளக் கம்பில் கட்டிய துடைப்பத்தை முன்னால் நீட்டியபடி அவன் நடந்தான். ஹைட்ரஜன் எரிந்தால் பட்டப்பகலில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. துடைப்பம் பற்றிக்கொண்டால் தீ அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

"வீட்ல பெருக்கச் சொன்னா ஓடிடுவேன்," என்றான் ரேடியோவில். "இங்க சம்பளத்துக்குக் காத்தைப் பெருக்குறேன் அக்கா."

"வாயை மூடிட்டு முன்னாடி பாருடா."

அவள் பின்னால் நின்ற மேலாளரைத் திரும்பிப் பார்த்தாள். "நிறுத்திடலாம் சார்."

"வாயு அலாரம் அடிக்கலையேம்மா."

"கசியுற வாயு அங்கேயே எரிஞ்சு போச்சுன்னா அலாரத்துக்கு எங்க சார் எட்டும்?"

அவர் கண் மின்சார விலை ஓடும் திரையில் இருந்தது. அவருடைய பயம் அங்கே. பக்கத்து சிமெண்ட் ஆலையின் புகையிலிருந்து பிடித்த கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு, கப்பல்களுக்கு எரிபொருளாக இங்கே மெத்தனால் செய்தார்கள். கார்பன் டை ஆக்சைடு எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. அதை மறுபடி எரியக்கூடியதாக்க, எரிந்தபோது வெளியேறிய சக்தியை, கொஞ்சம் கூடுதலாகவே, திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுப்பது ஹைட்ரஜன். தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்க மின்சாரம் வேண்டும். ஆகவே மெத்தனாலின் விலையில் பெரும்பங்கு மின்சாரத்தின் விலைதான். சூரிய மின்சாரம் என்பதால் வெயில் உச்சிக்கு வந்தால் அது மலிவு, சாய்ந்தால் எகிறும்.

அதனால்தான் இரவும் பகலும் ஓடுவதற்காகக் கட்டிய ஆலையைத் தினமும் வெயிலோடு ஓட்டி, வெயிலோடு நிறுத்தினார்கள். குழாய்கள் தினமும் சூடாகி விரிந்தன, ஆறிச் சுருங்கின. அதில் இணைப்புகளின் போல்ட்டுகள் தளரும் என்பதை விலைக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. கணக்குப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

"கப்பல்காரங்க பார்த்துட்டிருக்கிற சோதனை ஓட்டம்மா இது," என்றார் மேலாளர். "இடையில நின்னா ஆலையையே மூடிடுவாங்க. நம்ம எல்லார் பொழைப்பும் போயிடும். அவன் பார்த்துட்டு வரட்டுமே."

"அக்கா." தம்பியின் குரலில் விளையாட்டு இல்லை. "துடைப்பம் பத்திக்கிச்சு."

யாரையும் கேட்காமல் அவள் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். இயந்திரங்களின் இரைச்சல் தணிந்தது.

"எங்கடா இருக்க?"

"குழாய்ச் சந்துல. கடைசி வரைக்கும் போயிட்டுத் திரும்பினேன், இப்ப வழியில எரியுது. போறப்ப தலைக்கு மேல இருந்திருக்கு, காத்து இறக்கி விட்டுடுச்சு. முன்னாடி தீ, பின்னாடி சுவரு."

"தண்ணி அடிக்கச் சொல்லவா?" மேலாளர் பதறினார்.

"ஐயோ, வேணாம் சார்!" என்றாள் அவள். "தீ அணைஞ்சு வாயு மட்டும் வந்தா, தேங்கி வெடிச்சிடும். குழாய்ல இருக்கிறது எரிஞ்சு தீரட்டும்."

அழுத்தம் இறங்கியது. சற்று முன் எந்த இறக்கத்தைப் பார்த்து நடுங்கினாளோ, அது இப்போது ஆமை வேகத்தில் போவதாகத் தோன்றியது.

"சுவரோட ஒட்டி நில்லு. பேசிட்டே இரு."

"என்ன பேச?"

"ஏதாவது. என்னைத் திட்டு."

"சின்ன வயசுல என் சைக்கிளை உடைச்சது நீதானே?"

"நான்தான்டா."

"தெரியும்." அவன் கருகிய துடைப்பத்தைத் தரையில் தட்டும் சத்தம் ரேடியோவில் கேட்டது. "சூடு இன்னும் இருக்கு அக்கா."

திரையில் அழுத்தக் கோடு அடியைத் தொட்டது. மிச்சத்தை வெளியே தள்ள அவள் குழாய்க்குள் எரியாத வாயுவான நைட்ரஜனைத் திறந்துவிட்டாள். "இப்ப வா. மெதுவா. துடைப்பத்தை முன்னாடி விட்டு வா."

கதவு திறந்தது. அவன் புருவம் பொசுங்கியிருந்தது. அவள் அவன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முழுசாக இருந்தன. அப்புறம்தான் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"மின்சாரம் இன்னும் மலிவாத்தாம்மா இருக்கு..." மேலாளர் முணுமுணுத்தார்.

"எல்லா இணைப்பையும் முறுக்கிப் பார்க்காம ஆலை ஓடாது சார். இனிமே ஒவ்வொரு தடவை நிறுத்தினப்புறமும் பார்க்கணும். அந்தச் செலவையும் விலையில சேருங்க."

"அந்த விலைக்கு வாங்குவாங்களா?"

"தெரியல சார்."

அவர் தலையாட்டிவிட்டு, கப்பல் நிறுவனத்தைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார். எண் தப்பாகவே விழுந்துகொண்டிருந்தது.