பதினான்கு மேட்டித் துணிகள்

ஃபிளோராவின் வீட்டுக் கூடத்தில் குறுக்கே கொடி கட்டிப் பதினான்கு மேட்டித் துணிகள், கட்டம் எண்ணிப் பூத்தையல் போடுகிற துணிகள், தொங்கின. ஒன்றில்கூட ஒரு முகம் கிடையாது. ஒன்றில் பாதி வானம், ஒன்றில் வெறும் பழுப்பு மரம், இன்னொன்றில் யாருடையவை என்றே தெரியாத நான்கு கால்கள். பார்க்க வந்தவர்கள் முதலில் துணியைப் பார்ப்பார்கள், அடுத்து ஃபிளோராவைப் பார்ப்பார்கள், அப்புறம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்புவார்கள்.

ஒன்றரை வருஷமாக இதே கதைதான். பூதலூரிலிருந்து மூன்று மைல் தள்ளி வாய்க்கால் கரையில் இருந்தது அந்த ஊர். அங்கே அந்தோணியார் கோயில் சுவரில் மாட்டியிருந்த, இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகக் காட்டும் சிலுவைப்பாதைப் படங்கள் பதினான்கும் ஓதத்தில் ஊறி, இயேசு எது, சேவகன் எது என்று அடையாளம் தெரியாமல் போயிருந்தன. அவற்றைக் கழற்றிய அன்று, கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஃபிளோரா எழுந்து, பதினான்கு படத்தையும் கிராஸ் ஸ்டிச்சில் தானே போட்டுத் தருவதாகவும், அடுத்த தவக்காலம் போய் அதற்கடுத்த தவக்காலத்தில் சுவரில் மாட்டிவிடலாம் என்றும் சொன்னாள். யாரும் நம்பவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?

வேறு யாராக இருந்தாலும் முதல் படத்தை முடித்துவிட்டு இரண்டாவதைத் தொட்டிருப்பார்கள். ஃபிளோரா அப்படிச் செய்யவில்லை. ஒரு நிறத்தை எடுத்தால் பதினான்கு துணியிலும் அந்த நிறம் வரவேண்டிய இடத்தையெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் அடுத்த நிறம். திங்கட்கிழமை ஒன்றும் இரண்டும், செவ்வாய்க்கிழமை மூன்றும் நான்கும் என்று நாளுக்கு இரண்டு துணி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பதின்மூன்றும் பதினான்கும். வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு துணியும் அவள் மடிக்கு வந்துவிடும். காய்ச்சல் வந்த வாரத்தில்கூட வந்தது.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பழைய காயம் காரணம். மகள் ஜாஸ்லினின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மேசை விரிப்புப் போட்டாள். நான்கு மூலையிலும் ரோஜாக்கொத்து. ஒவ்வொரு மூலையாக முடித்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது மூலை முடிந்ததும் சிவப்பு நூல் தீர்ந்தது. தஞ்சாவூரில் அதே கடையில் அதே நம்பர் கேட்டுத்தான் வாங்கினாள். ஆனால் சாயம் போட்ட தடவை வேறு. மூன்று மூலை ரோஜாவாகவும் நான்காவது மூலை செங்கல்லாகவும் நின்றது. மாப்பிள்ளையின் அத்தை விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இது மட்டும் வேறு செடியா என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஃபிளோராவுக்கு இன்னும் செரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு நிறம் என்றால் ஒரே சாயத்தில் மொத்தமாக வாங்குவது, எல்லா இடத்திலும் சேர்த்துப் போடுவது என்று வைத்துக்கொண்டாள்.

ஜாஸ்லின் இப்போது மஸ்கட்டில் நர்ஸ். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் போன் செய்வாள். சாப்பிட்டாயா, அப்பா எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி ஒன்றே ஒன்று.

"எத்தனைம்மா முடிஞ்சுது?"

"ஒண்ணும் முடியல. ஆனா எல்லாம் நவுந்திருக்கு."

மகள் அங்கே சிரிப்பது இங்கே கேட்கும். ஒன்றரை வருஷ வெள்ளிக்கிழமைகளில் இந்தப் பதில் ஒரு தடவைகூட மாறவில்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மதலைமுத்து ஊருக்கு வந்தார். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இருபது வருஷம் உழைத்து, ஊரில் கண்ணாடி வைத்த மாடி வீடு கட்டியவர். நல்ல மனுஷர்தான், அவசரக்காரர். கோயிலின் மொட்டைச் சுவரைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. தஞ்சாவூரில் இப்போது ஃபிளெக்ஸ் அடிக்கிறார்களே, பதினான்கு படத்தையும் ஒரே நாளில் பளபளவென்று அடித்துக் கொடுத்துவிடுவார்களே என்றார். எல்லாம் தன் செலவு. ஒவ்வொன்றின் அடியிலும் உபயம் என்று போட்டு, கூலிங் கிளாஸ் போட்ட தன் படம் ஒன்று சின்னதாக இருந்தால் போதும் என்றார்.

பேரவைக்கு ஆசை வந்துவிட்டது. குறை சொல்ல முடியாது. ஒன்றரை வருஷமாக நான்கு கால்களையே பார்த்தவர்கள். பொங்கல் கழிந்த ஞாயிறு முடிவெடுக்கலாம் என்று பங்குச் சாமியார் சொல்லி, அதற்குள் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்த்துவரப் பாத்திமா மேரியை அனுப்பினார்.

பாத்திமா மேரி ஃபிளோராவின் கணவர் ரெமிஜியஸுக்கு மூத்த அக்காள், ஃபிளோராவுக்கு அண்ணி முறை. கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் அடுப்பில் இரண்டு பாத்திரம் ஒரே சமயத்தில் ஏறியதில்லை. சோறு வடித்த பிறகுதான் குழம்புக்குப் புளியே ஊறும். ஒன்றைத் தொட்டால் அதை முடி என்பதைப் பத்துக் கட்டளைகளோடு பதினொன்றாகச் சேர்த்துக்கொண்டவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் துணியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், பதினொன்றாவதில் நின்றார்.

"ஃபிளோரா, பத்தாம் நிலையிலயே ஆடையை உரிஞ்சிட்டாங்கல்ல? பதினொண்ணுல சிலுவையில அறையிறப்போ எப்படி செவப்பு அங்கியோட இருக்காரு?"

ஃபிளோரா எழுந்து வந்து துணியைப் பிடித்துப் பார்த்தாள். ஐப்பசியில் சிவப்பு நூலின் முறை வந்தபோது ஒன்றிலிருந்து ஒன்பது வரை அங்கி, பத்தில் சேவகன் கையில் அங்கி என்று ஊசி ஓடியிருக்கிறது. ஓடிய வேகத்தில் பதினொன்றுக்கும் போய்விட்டது. நாற்பது வருஷமாகத் தவக்கால வெள்ளி தவறாமல் சிலுவைப்பாதை சொன்னவள் அவள். சேவகர்கள் உரிந்த அங்கியை அவளே திரும்ப உடுத்திவிட்டிருந்தாள்.

ஒவ்வொன்றாகப் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா என்று அண்ணி கேட்டார். நடந்திருக்காது. அது ஃபிளோராவுக்கும் தெரிந்தது, அதனால்தான் அத்தனை வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பாத்திமா மேரி கண்டதைக் கண்டபடி சொன்னார். ஒரு படமும் முடியவில்லை, ஒன்று தப்பு. மதலைமுத்து அன்பாகத்தான் பேசினார். தங்கச்சி நிதானமாக முடிக்கட்டும், இந்த வருஷம் ஃபிளெக்ஸ் மாட்டிக்கொள்ளலாம் என்றார். ஃபிளெக்ஸ் ஏறினால் அப்புறம் இறங்காது என்பது ஃபிளோராவுக்குத் தெரியும். சாமியார் அவளைப் பார்த்தார். எழுந்தாள். வாய் திறந்ததும் கோபம் வந்தது.

"அங்கியப் போட்டது என் தப்புதான் சாமி. பிரிச்சிடுறேன். ஆனா ஒண்ணும் முடியலன்னு மட்டும் சொல்லாதீங்க. இங்க உக்காந்திருக்கவங்க எல்லாம் வெவசாயிங்கதானே? ஒரு வயலு வெளைஞ்சு, அறுத்து, நெல்லு வீட்டுக்கு வந்தப்புறமா அடுத்த வயலுக்குத் தண்ணி விடுறீங்க? எங்க வீட்டுக்காரரு மொறை வச்சுத்தானே கடைமடை வரைக்கும் தண்ணிய அனுப்புறாரு. மார்கழி வரைக்கும் எந்த வயல்லயும் ஒரு மணி நெல்லு கெடையாது. அதுக்காக வயலு சும்மா கெடக்குன்னு யாராவது சொல்லியிருக்கீங்களா?"

ரெமிஜியஸ் பொதுப்பணித் துறையில் லஸ்கர். மதகைத் திறப்பதும் மூடுவதும், தண்ணீர் குறைந்தால் வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று முறை விடுவதும் அவர் வேலை. கூட்டத்தில் எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பவர், அன்று தலையைத் தூக்கிப் பெண்டாட்டியைப் பார்த்தார். ஐந்து வேலி சம்பா வைத்திருந்த ஐயாவு, அது நியாயந்தானே என்றார். அவர் சொன்ன பிறகு நாலு பேர் சொன்னார்கள்.

சாமியார் தீர்ப்புச் சொன்னார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறு வரைக்கும் கெடு. பதினான்கும் முடிந்து வந்தால் மாட்டுவோம். ஒன்று குறைந்தாலும் பதினான்கும் ஃபிளெக்ஸ்தான். மதலைமுத்து சம்மதித்தார். ஆனாலும் முன்ஜாக்கிரதையாக முதல் நிலைக்கு மட்டும் ஒரு ஃபிளெக்ஸ் மாதிரிக்கு அடித்து வைத்துக்கொண்டார். சொன்னேனே, அவசரக்காரர்.

சரியாக ஐந்து வாரம் இருந்தது. முகம், கை, காலுக்கான மாநிறம் பாதி பாக்கி. கடைசியாகக் கறுப்பு: கண், புருவம், தலைமுடி, உருவத்தைச் சுற்றி ஓரக்கோடு. அதற்கு மேல் பதினொன்றில் பிரிக்க வேண்டிய சிவப்பு. போடுவதைவிடப் பிரிப்பது கஷ்டம். துணி கிழியக் கூடாது, கட்டம் அகலக் கூடாது. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிரிக்கப் போனால் மற்ற பதின்மூன்றின் முறை தவறும். எப்படிப் போட்டாலும் பத்து நாள் இடித்தது.

மறுநாள் காலை ரசம் கொதித்துக்கொண்டிருந்தபோது பாத்திமா மேரி வாசலில் நின்றார். கையில் சின்னக் கத்தரி, முள்வாங்கி, உட்கார ஒரு தலையணை.

"பதினொண்ணை எங்கிட்டக் குடு. எனக்கு ஒரு நேரத்துல ஒண்ணுதான் பாக்கத் தெரியும். அந்த ஒண்ணை நான் பாத்துக்கறேன்."

ஃபிளோரா துணியைக் கொடியிலிருந்து எடுத்து அண்ணி மடியில் வைத்துவிட்டு, இன்னொரு டம்ளர் காப்பி போட உள்ளே போனாள்.

பத்து நாள் பாத்திமா மேரி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். நூல் வந்த பிறகும் கட்டத்துக்குள் சிவப்புப் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் முள்வாங்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற முகம். பத்தாவது நாள் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அங்கி இருந்த சுவடே இல்லை. அந்த இடத்தில் மாநிறம் ஏற, பதினொன்று மற்றவற்றோடு வரிசையில் வந்து சேர்ந்தது. அப்போது அண்ணி, உன் முறை எனக்கு ஒத்துவராது, ஆனால் உனக்கு ஒத்துவருகிறது என்று சொன்னார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு பாராட்டை இதுவரை யாரும் கேட்டதில்லை.

தை பாதியில் மேட்டூர் அணையை மூடினார்கள். வாய்க்காலில் வேலை குறைந்தது. ரெமிஜியஸ் யாரும் சொல்லாமலே சமையலைக் கையில் எடுத்துக்கொண்டார். முதல் வாரம் மூன்று பேரும் அவர் வைத்த மீன் குழம்பைச் சகித்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் அது குழம்பாகவே ஆகிவிட்டது.

கறுப்பு நூலின் முறை வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பொதி கட்டி நின்ற சம்பா அத்தனை வயலிலும் ஒரே வாரத்தில் கதிர் தள்ளுமே, அப்படித் தள்ளியது. செவ்வாய்க்கிழமை வெறும் நீலமாக இருந்தது மாதாவின் முக்காடாயிற்று. புதன்கிழமை நான்கு கால்கள், சிலுவை சுமக்கிற இயேசுவின் காலாகவும் கூடச் சுமக்க வந்த சீமோனின் காலாகவும் ஆயின. வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து, வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். கண்ணை மட்டும் ஃபிளோரா பதினான்கிலும் கடைசிக்கு வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மகள் கேட்டபோதும் ஒன்றும் முடியவில்லை என்றுதான் சொன்னாள். உண்மையும் அதுதான்.

சனிக்கிழமை காலை முதல் படத்தில் கண் போட ஆரம்பித்தாள். சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் பதினான்காவதில் கல்லறையோரம் நிற்கிற மாதாவின் கண்ணுக்குக் கடைசி முடிச்சுப் போட்டு நூலை வெட்டினாள். தச்சர் அரசப்பன் துணிகளை மாட்டச் சட்டங்களை அளவாகச் செய்து தயாராக வைத்திருந்தார். பாத்திமா மேரி ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பதினான்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

ஞாயிறு காலை பார்த்தால் மழை. மாசியில் யாரும் கேட்காத மழை. அறுத்த நெல்லை மூட ஊர் ஓடிக்கொண்டிருந்தது. படங்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள், மூட ஒன்றுமில்லை. ஃபிளோரா முந்தானையை விரித்து முதல் படத்தின் மேல் குனிந்து நின்றாள். அப்போது மாடி வீட்டிலிருந்து மதலைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். தலையில் மழை கொட்டுவதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"தங்கச்சி, இதுக்குப் பக்கத்துல என் மூஞ்சி எதுக்கு?" என்று சொல்லிக் கக்கத்திலிருந்த சுருளைப் பிரித்தார். மாதிரிக்கு அடித்த ஃபிளெக்ஸ். அதைப் பதினான்கு படத்துக்கும் மேலாகப் போர்த்தி, முனையை அவரே பிடித்துக்கொண்டு கோயில் வரைக்கும் நடந்தார். கூலிங் கிளாஸ் போட்ட அவருடைய படம் மழையில் நனைந்துகொண்டே ஊர்வலம் போனது. ஒரு நூலும் நனையவில்லை.

தவக்காலத்தின் முதல் வெள்ளி. ஊர் முழுக்கக் கோயிலில். ஒவ்வொரு நிலையிலும் முட்டி போட்டு எழுந்து அடுத்ததற்கு நகர்ந்தார்கள். ஒன்றிலிருந்து பத்து வரை அந்தச் சிவப்பு ஒரே சிவப்பு. வேறு செடியா என்று கேட்க யாருக்கும் வழியில்லை. பதினொன்றாம் நிலையில் பாத்திமா மேரி பக்கத்தில் இருந்தவளிடம் எதையோ கிசுகிசுத்து, செபத்தின் நடுவே பேசியதற்காகத் தானே நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ஃபிளோரா பதினான்கையும் முட்டி போட்டுக் கடந்தாள். அவளுக்கு அன்று செபம் ஒன்றும் ஓடவில்லை, சந்தோஷம் மட்டும் ஓடியது. ஆண்டவர் அதையே செபமாக எடுத்துக்கொண்டிருப்பார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதே போன் மணி அடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் கொடி காலியாக ஆடியது. ஓடிப்போய் எடுத்தாள்.

"எத்தனைம்மா முடிஞ்சுது?"

"பதினாலு."



"போன வாரம் ஒண்ணும் முடியலன்னியேம்மா?"

"ஆமா" என்றாள் ஃபிளோரா. "போன வாரம் ஒண்ணும் முடியல."